குயவர் சூளையும் குடிஜலச் சுத்தமும்

கிராம சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் முதற்கண் எடுத்துரைப்பது குடிஜலத்தின் சுத்தத்தையேயாகும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுக, குளத்தில் கால்நடைகளை இறக்காதிருக்க, ஜலத்தைக் காய்ச்சிப் பருகுக என்று உபதேசங்கள் பல உண்டு. இவை யாவும் நல்லனவே. ஆயினும் விறகு வாங்கப் பணமில்லாத குடும்பத்தாரிடம் தினந்தோறும் காய்ச்சுக என்று சொல்வதும், குழாய் வரும் நாள் இன்னதென்று தெரியாத ஊராரிடம் குழாய் வரும்வரை பொறுத்திருக்க என்று சொல்வதும் அவர்களுடைய குழந்தைகளைக் காப்பாற்றுவனவல்ல. ஆகவே, கிராமத்திலேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, கிராமத்துத் தொழிலாளியே செய்து, நியாயமான விலைக்கு விற்கத்தக்க சாதனம் ஏதேனும் உண்டோ என்று ஆராய்வது அவசியமாகின்றது. அப்படிப்பட்ட சாதனம் ஒன்று மத்திய அமெரிக்காவிலும் காம்போடியாவிலும் பல ஆண்டுகளாகப் பழக்கத்திலிருந்து வருகின்றது. களிமண்ணும் உமியும் கலந்து சுட்ட பானை ஒன்றே அது. அதனை இக்கட்டுரையில் வடிபானை என்று வழங்குவோம். அதன் செய்முறை, அதனால் விளைந்த நன்மை, அதன் குறை, அதை நம்பி நடக்கும் தொழில் நிலைப்பதற்கு வேண்டியவை ஆகியவற்றைக் கீழே விவரிக்கின்றோம்.

தெளிவு வேறு, சுத்தம் வேறு

ஜலம் கண்ணுக்குத் தெளிவாயிருந்தால் அது குடிக்கத் தகுந்ததென்று ஜனங்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் வாந்திபேதி, சீதபேதி, குடற்காய்ச்சல் முதலிய நோய்களை விளைவிக்கும் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. ஜெர்மானிய விஞ்ஞானியாகிய ராபர்ட் காக் 1884-ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்தி, வாந்திபேதிக் கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டுமன்றி, ஜனங்கள் புழங்கிய குளத்து ஜலத்திலும் கண்டார். அதே ஆண்டில், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரின் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த சார்லஸ் சேம்பர்லாண்டு என்பார், சுட்ட பீங்கான் குழலின் நுண்துளைகள் வழியாக ஜலத்தைச் செலுத்திக் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டி ஒன்றை அமைத்தார். சுட்ட மண் கிருமியைத் தடுக்கும் என்னும் தத்துவம் ஆதலால் புதியதன்று. பீங்கான் குழலும் அதற்கு வேண்டிய அழுத்தமும் நகரத்துச் செல்வர்க்கே எட்டுவனவாயிருந்தன என்பதே குறை. அத்தத்துவத்தைச் சாதாரணக் குயவருடைய கைக்கு எட்டும்படி செய்வதற்கு மேலும் நூறாண்டுகள் சென்றன.

வடிபானையின் வரலாறு

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில், கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றிய பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்னும் ரசாயன அறிஞர், 1981-ஆம் ஆண்டில் ஏழைகள் வாங்கத்தக்கதும் ஊர்க் குயவர் செய்யத்தக்கதுமான வடிகட்டி ஒன்றை உருவாக்கினார். களிமண்ணுடன் மரத்தூளைக் கலந்து, பூச்சட்டி வடிவமாகச் செய்து சுட்டால், மரத்தூள் எரிந்துபோன இடங்கள் நுண்துளைகளாகி ஜலத்தை வடியவிடும் என்பதே அவர் கையாண்ட உபாயம்.

1998-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் மிட்ச் என்னும் பெரும்புயல் ஹாண்டுராஸ், நிகராகுவா முதலிய நாடுகளைத் தாக்கிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்; கிணறுகளும் ஊற்றுகளும் வெள்ளத்தால் கெட்டன. அப்போது நிகராகுவாவில் குயவர்களுக்கு உதவி புரிந்து வந்த ‘பாட்டர்ஸ் பார் பீஸ்’ என்னும் சங்கத்தார் இவ்வடிபானையைப் பெருவாரியாகச் செய்ய முற்பட்டனர். இம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் ரான் ரிவேரா என்பவர். சக்கரத்தில் ஒவ்வொன்றாக வனைந்தால் ஒரு பானை கனத்தும் மற்றொன்று மெலிந்தும் போகும் என்று கண்டு, லாரியைத் தூக்கும் ஜாக்கியைக் கொண்டு இயங்கும் அச்சுப்பொறி ஒன்றை அவர் அமைத்தார். அதனால் பானைகள் யாவும் ஒரே அளவாயின. இச்செய்முறைக்குத் தனியுரிமை கோராமல், கேட்டவர் யாவருக்கும் அதைக் கற்பித்து, பல தேசங்களில் 30 வரையிலான தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு அவர் துணைபுரிந்தார். நைஜீரியாவில் அத்தகைய பணிக்குச் சென்றிருந்தபோது பற்றிய மலேரியா ஜுரத்தால் 2008-ஆம் ஆண்டில் காலமானார்.

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையிலும் வீடிழந்த குடும்பங்களுக்கு இத்தகைய பானைகள் வழங்கப்பட்டன. எனினும் இத்தொழிலின் பலாபலன்களை நன்கு அளந்து காட்டியது காம்போடியாவின் அநுபவமேயாகும். ஆகையால் அந்நாட்டு முறையையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

செய்யும் முறை

காம்போடியாவில் கொம்போங் ச்நாங் என்றொரு மாகாணம் உண்டு. அப்பெயருக்குப் பானைத்துறை என்பது பொருள். அவ்வூர்க் குயவர்கள் மாட்டுவண்டிகளிற் பானைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்பது நெடுநாளைய வழக்கம். அம்மாகாணத்திலும், தலைநகரைச் சூழ்ந்துள்ள காண்டால் மாகாணத்திலும் வடிபானைத் தொழிற்சாலைகள் 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் நிறுவப்பட்டன. நெல் விளையும் நாடாதலால் மரத்தூளுக்குப் பதிலாக உமியை அவர்கள் உபயோகித்தனர்.

முதலிற் களிமண்ணை உலர்த்தித் தூளாக்கிச் சலித்துக்கொள்ள வேண்டும். உமியையும் அவ்வாறே அரைத்து, சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். உமித்தூளின் பருமனே பின்னர்த் துளையின் பருமனாகும். ஆகவே சல்லடைக் கண் கிழிந்திருப்பின் அன்றையப் பானைகள் யாவும் கெடும். 30 கிலோ களிமண் தூளுக்கு ஏறக்குறைய 10 கிலோ உமித்தூள் என்னும் விகிதத்தில் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்து, பின்னர் ஜலம் விட்டுப் பிசைவர். மண்ணின் தன்மை இடத்துக்கிடம் வேறுபடுவதால், இவ்விகிதத்தை ஒவ்வொரு தொழிற்சாலையும் சோதித்தே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும்.

பிசைந்த மண்ணை அச்சில் அழுத்திப் பானையாக்கி, விளிம்பைச் சீர்செய்து, நிழலிற் பல நாள் உலர்த்துவர். ஈரம் முற்றும் நீங்காத பச்சைப் பானை சூளையில் வெடிக்கும். சூளையின் உஷ்ணம் மெல்ல உயர்ந்து 800 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வரை எட்ட வேண்டும். உஷ்ணம் குறைந்தால் உமி முற்றும் எரியாது, பானையும் வலுப்பெறாது. சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்த பானை ஏறக்குறைய ஒரு சாண் ஆழமும், ஓர் அடி அகன்ற வாயும் உடையதாயிருக்கும். அதனை மூடியும் குழாயும் பொருத்திய பெரிய கலம் ஒன்றின் வாயிலே தொங்கும்படி அமைப்பர். மேலே வார்த்த ஜலம் பானையின் சுவர் வழியே கசிந்து கீழ்க்கலத்திற் சேரும். அதைக் குழாயைத் திறந்து பிடித்துக்கொள்ளலாம். தினம் இரண்டு மூன்று முறை நிரப்பினால் ஒரு குடும்பத்தார் பருகுவதற்கு வேண்டிய ஜலம் கிடைக்கும்.

கிருமி நிற்கும் விதம்

நல்ல வடிபானையின் துளை ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினதாயிருக்க வேண்டும் என்பது நோக்கம். துளைகள் நேரான வழிகளல்ல. சுவரின் கனத்துக்குள்ளே வளைந்தும் கிளைத்தும் செல்லும் வழிகள். ஆதலால் துளையினும் சிறிய கிருமிகளும் வளைவுகளில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. இதற்கு மேலும் காவலாக, வெள்ளியின் மிக நுண்ணிய துகள்கள் கலந்த திரவத்தைப் பானையின் உள்ளும் புறமும் பூசுவர். வெள்ளி கிருமிகள் பெருகுவதைத் தடுக்கும் குணமுடையது.

நம் வீடுகளில் ஜலத்தைக் குளிரச் செய்வதற்கு வைக்கும் மண்பானையும் கசிவதே. அதுவே வடிகட்டியாகாதோ என்று சிலர் வினவலாம். அதன் கசிவு ஆவியாகிப் போகும் அளவே உள்ளது. குடிக்கும் அளவு ஜலம் அதன் வழியே இறங்குவதில்லை. உமி எரிந்து உண்டாக்கும் துளையே வடிபானையை வேறுபடுத்துவது.

பரீட்சையே தொழிலின் உயிர்

சூளையிலிருந்து வந்த பானை ஒவ்வொன்றையும் தனித்தனியே பரீட்சித்தாக வேண்டும். முதலில் விரலால் தட்டி ஓசையைக் கேட்பர்; விரிசலுள்ள பானை மழுங்கிய ஓசை தரும். அடுத்து, ஒரு நாள் ஜலத்தில் ஊறவைத்து, நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வடிகின்றதென்று அளப்பர். மணிக்கு ஏறக்குறைய 1 முதல் 3 லிட்டர் வரை வடியும் பானையே ஏற்கத்தக்கது; தொழிற்சாலைகள் தத்தம் மண்ணுக்கேற்ப இதற்குட்பட்ட எல்லையை வகுத்துக்கொள்கின்றன. மிக மெதுவாக வடியும் பானையால் குடும்பத்துக்குப் போதிய ஜலம் கிடையாது. மிக விரைவாக வடியும் பானையிலோ பெரிய துளையோ கண்ணுக்குத் தெரியாத விரிசலோ உண்டென்பது திண்ணம். அதனை உடைத்தே எறிய வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை மிகவும் கவனிக்க வேண்டும். சாதாரணப் பானையிற் குறையிருந்தால் ஒழுகுவதைக் கண்டு வாங்குபவரே அறிந்துகொள்வார். வடிபானையிற் குறையிருந்தாலோ அது விரைவாக வடியும். விரைவாக வடிவதைக் கண்டு வாங்குபவர் மகிழ்வார்! கெட்ட சரக்கே நல்ல சரக்கைப்போல் தோன்றுகின்ற தொழில் இது. அன்றியும், கழிக்கும் பானைகளின் செலவு தொழிற்சாலையைச் சார்ந்தது. உதாரணமாக, 100 பானைகள் செய்து அவற்றுள் 20-ஐ உடைத்தெறிந்தால், 100 பானைகளின் செலவையும் 80 பானைகளே தாங்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றின் அடக்கச் செலவும் நான்கில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். ஆகவே ஆசை காரணமாகவோ, ஆர்டரைக் குறித்த நாளில் முடிக்கும் அவசரம் காரணமாகவோ, கழிக்க வேண்டிய பானையை விற்கும் சபலம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அப்பானையை வாங்கிய வீட்டில் ஒரு குழந்தை பேதி கண்டு வருந்தினால், அதற்குப் பானையே காரணமென்று ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதனாலேதான் பரீட்சையைச் செய்பவரும் விற்பனையைக் கவனிப்பவரும் வெவ்வேறாக இருத்தல் நலம். பானை ஒவ்வொன்றிலும் இலக்கமும் சூளையிட்ட தேதியும் பொறித்து, பரீட்சையின் முடிவை அவ்விலக்கத்துக்கு நேரே பதிவு செய்தலும் வேண்டும். 2011-ஆம் ஆண்டில் இத்தொழிலில் அநுபவமுள்ளோர் கூடி வகுத்து வெளியிட்ட நெறிகளிலும் இத்தகைய பரீட்சைகளே முக்கியமாக வற்புறுத்தப்பட்டுள்ளன.

காம்போடியாவில் கண்ட பலன்

காம்போடியக் கிராமங்களில் பல ஆண்டுகளாக உபயோகத்திலிருந்த வடிபானைகளை அமெரிக்காவின் வடகரோலினா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பரிசீலித்து, தங்கள் முடிவுகளை 2007-ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டனர். பானையை உபயோகித்த வீடுகளில், உபயோகிக்காத வீடுகளைக் காட்டிலும், பேதி நோய் 100-க்கு 46 பங்கு குறைந்திருந்ததாக அவ்வறிக்கை கூறுகின்றது. நோய்க்கணக்கு வீட்டார் வாய்மொழியாகச் சொல்லியதைக் கேட்டு எழுதப்பட்டதாதலால், உண்மையான பலன் இதனிற் சற்றுக் குறைந்திருக்கவும் கூடும். ஆனால் ஜலப் பரீட்சையிலும் மலக் கிருமிகள் மிகப் பெரும் பங்கு குறைந்திருக்கக் கண்டனர். மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட பானைகளும், உடையாமலும் விரிசல் விடாமலும் இருந்தவரையில், தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

இது நற்செய்தி. ஆனால் அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. பானையை உபயோகிப்போர் தொகை மாதந்தோறும் ஏறக்குறைய 100-க்கு 2 வீதம் குறைந்துகொண்டே வந்தது. இக்கணக்கின்படி இரண்டாண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்கு குடும்பங்கள் பழையபடி அசுத்த ஜலத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஜனங்கள் அதை வெறுத்து விட்டுவிட்டார்களோ என்றால், அன்று. பானை உடைந்துபோனதே முதன்மையான காரணம். உடைந்த பிறகு வேறொன்று எங்கே வாங்குவதென்று பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்க்கும் அருகில் விற்பாரில்லை.

இலவசமும் விலையும்

மண்ணாலான பொருள் என்றேனும் ஒரு நாள் உடைந்தே தீரும். ஆகவே, ஒரு குடும்பத்துக்குச் சுத்த ஜலம் கிடைப்பது முதற்பானை கிடைத்த நாளோடு முடிவதன்று. இரண்டாவது பானையும் மூன்றாவது பானையும் கிடைப்பதைப் பொறுத்ததாகும். முதற்பானையை எந்தத் தர்மஸ்தாபனமும் கொடுத்துவிடலாம். அடுத்த பானையைக் கொடுக்க வேண்டியவர் அருகிலுள்ள குயவரும் கடைக்காரருமே. அவர்கள் அந்தத் தொழிலில் நிலைத்திருந்தால்தான் ஜலமும் சுத்தமாயிருக்கும். இக்கட்டுரையின் சாரம் இதுவேயாகும்.

மேற்கண்ட அறிக்கையில், சிறிதளவேனும் தம் கைப்பணம் கொடுத்து வாங்கிய குடும்பத்தார், இலவசமாகப் பெற்றவர்களைக் காட்டிலும் நெடுநாள் தொடர்ந்து உபயோகித்து வந்தனர் என்று காணப்படுகின்றது. விலை கொடுத்த பொருளைப் பேணுவது மனித இயல்பு. வேண்டுமென்று விரும்பியவரே விலை கொடுத்திருப்பர் என்பதும் இதற்கொரு காரணமாகலாம். காம்போடியாவில் அக்காலத்தில் கலமும் குழாயும் சேர்ந்த வடிபானை 10 டாலருக்கு உட்பட்ட விலைக்கு விற்கப்பட்டது. பானை மட்டும் உடைந்தால் கலத்தையும் குழாயையும் மறுபடி வாங்க வேண்டுவதில்லை. கொம்போங் ச்நாங் தொழிற்சாலை, தருமத் திட்டமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் 2010-ஆம் ஆண்டளவில் ஹைட்ரோலாஜிக் என்னும் தனி வியாபார ஸ்தாபனமாக மாறிற்று. அது கிராமங்களுக்கு விற்பனையாளரை அனுப்பியும், சிறு தவணைக் கடன் வசதியோடும் பானைகளை விற்க முயன்றது.

இலவச விநியோகத்தால் மற்றொரு கேடும் உண்டு. புயல், வெள்ளம் முதலிய ஆபத்துக் காலங்களில் இலவசமாகக் கொடுப்பதை ஒருவரும் குறை கூறார். ஆனால் சாதாரண காலத்திலும் அடுத்த கிராமத்தில் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றதென்று கேள்விப்பட்டால், தம் ஊருக்கும் அது வருமென்று எதிர்பார்த்து, குயவரிடம் வாங்குவதை ஜனங்கள் நிறுத்திவிடுவார்கள். பெரிய தர்மஸ்தாபனங்களின் மொத்த ஆர்டரையே நம்பி வளர்ந்த தொழிற்சாலை, அவ்வார்டர் நின்ற நாளில் சூளையை அணைக்க நேரிடும். சூளை அணைந்தால் ஏற்கெனவே கொடுத்த பானைகளுக்கும் மாற்று இல்லை.

அப்படியானால் விலை கொடுக்க இயலாத பரம ஏழைகளின் கதி என்னவென்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நோய் அதிகமாக வருத்துவது அவர்களையே. அவர்களை விட்டுவிட்டு நடத்தும் சுகாதார முயற்சி பயனற்றது. அவர்களுக்குப் பானையைக் கொடுப்பதினும், பானையின் விலையில் ஒரு பகுதிக்குச் சீட்டுக் கொடுத்து, அதனை உள்ளூர்க் கடையிலேயே கொடுத்துப் பானை பெறும்படி செய்வது சிறந்த வழியாகும். ஏழைக்குப் பானை கிடைக்கும். கடைக்காரருக்கு வியாபாரமும் கெடாது. உடைந்தபோது எங்கே செல்வதென்றும் அவ்வேழைக்குத் தெரிந்திருக்கும்.

வடிபானையால் ஆகாதவை

எந்தச் சாதனத்துக்கும் எல்லை உண்டு. அதனை மறைத்து விற்பது ஜனங்களை ஏமாற்றுவதாகும். முதலாவதாக, மஞ்சட்காமாலை வகைகளில் சிலவற்றையும், குழந்தைகளின் பேதியில் ஒரு பகுதியையும் விளைவிக்கும் வைரஸ் என்பவை சாதாரணக் கிருமிகளினும் பன்மடங்கு நுண்ணியவை. அவற்றை வடிபானை போதிய அளவு தடுப்பதில்லை. ஊரில் இத்தகைய நோய் பரவும் காலத்தில் வடித்த ஜலத்தைக் காய்ச்சியோ குளோரின் மருந்து சேர்த்தோ பருகுவதே தக்கது.

இரண்டாவதாக, ஜலத்திற் கரைந்துள்ள உப்பு, புளோரைடு, ஆர்சனிக் முதலியவற்றை இப்பானை நீக்காது. இதற்குக் காம்போடியாவே சாட்சி. மீகாங் நதியையொட்டிய காண்டால் மாகாணத்தில் பல குழாய்க்கிணறுகளின் ஜலத்தில் ஆர்சனிக் விஷம் மிகுதியாக இருக்கின்றது. அந்த ஜலம் கிருமியற்றதாயிருக்கலாம். வடிபானையில் ஊற்றினாலும் விஷம் அப்படியே இறங்கும். அங்கே மழை ஜலத்தையோ ஆற்று ஜலத்தையோ வடித்துக் குடிப்பதே க்ஷேமம். நம் நாட்டில் தருமபுரி, நல்கொண்டா முதலிய ஜில்லாக்களில் நிலத்தடி ஜலத்திலுள்ள புளோரைடு, பற்களையும் எலும்புகளையும் கெடுப்பது யாவரும் அறிந்ததே. அத்தகைய ஜலத்துக்கும் வடிபானை பரிகாரமாகாது. ஆகையால், ஓர் ஊரில் இத்தொழிலைத் தொடங்குமுன் அவ்வூர் ஜலத்தை ரசாயனப் பரீட்சை செய்வித்தல் இன்றியமையாதது.

வீட்டார் கைக்கொள்ள வேண்டியவை

நல்ல பானையும் கவனக்குறைவாற் பயனற்றுப் போகலாம். வடித்த ஜலம் மறுபடியும் அசுத்தமாவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். ஆதலால் விற்பவர் பின்வருவனவற்றை வாங்குபவருக்குச் செய்துகாட்டி விளக்க வேண்டும்.

1. கலங்கல் ஜலத்தை முதலில் துணியில் வடித்தோ, தெளியவைத்தோ பானையில் ஊற்றவும். இல்லையேல் துளைகள் விரைவில் அடைபடும்.

2. வடிவது குறையும்போது, பானையின் உட்புறத்தை மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவவும். வடித்த ஜலத்தையே இதற்கு உபயோகிக்கவும். பானைக்குச் சோப்பு இடலாகாது.

3. பானையைத் தூக்கும்போது விளிம்பை மட்டும் பிடிக்கவும். அடிப்புறத்தைக் கையால் தொடவோ தரையில் வைக்கவோ கூடாது. கவிழ்த்து வைப்பதானால் சுத்தமான தட்டின்மேல் வைக்கவும்.

4. கீழ்க்கலத்தையும் குழாயையும் வாரம் ஒரு முறை சோப்பிட்டுக் கழுவி, வடித்த ஜலத்தால் அலசவும். கலத்துக்குள் சொம்பையோ கையையோ விடாமல் குழாயிலேயே பிடித்துக்கொள்ளவும்.

5. திடீரென்று வடிவது விரைவுபட்டால் பானையில் விரிசல் கண்டிருக்கின்றதென்று கொள்ளவும். அதை மாற்றும்வரை ஜலத்தைக் காய்ச்சியே பருகவும்.

6. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை, உடையாவிட்டாலும், பானையை மாற்றுவது நலம்.

தொழில் நிலைப்பதற்கு வழி

இத்தொழிலுக்கு வேண்டுவன களிமண், உமி, ஜலம், எரிபொருள், கைகள் ஆகியவையே. வெள்ளித் திரவம் ஒன்றே வெளியிலிருந்து வர வேண்டியது. பானை எளிதில் உடைவதாதலால் தூரத்துப் பெரிய ஆலையிலிருந்து கொண்டுவருவதில் சேதம் அதிகம். அருகிலுள்ள சூளைக்கு இது இயற்கையாகவே அமைந்த அநுகூலம். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் வந்து குயவருடைய வியாபாரத்தைப் பறித்துக்கொண்ட இக்காலத்தில், அவர்களுடைய கைத்திறனுக்கு மதிப்பளிக்கும் புதிய வேலை இதுவாகும்.

ஆயினும் வேலைகளைப் பகிர்ந்துகொள்வதில் முறை வேண்டும். பானை செய்வதும் விற்பதும் குயவர் சங்கத்தின் பொறுப்பாயிருக்கட்டும். சர்க்கார் தானே பானை செய்து கொடுக்க முற்படாமல், மாதந்தோறும் சில பானைகளை முன்னறிவிப்பின்றி எடுத்துக் கிருமிப் பரீட்சை செய்து முடிவை வெளியிடும் பொறுப்பை ஏற்கட்டும். ஏனெனில் வாங்குபவர் தம் கண்ணால் அறிய முடியாததை அறிந்து சொல்வது சர்க்காருக்கே உரிய கடமை. உமித்தூளைச் சலிப்பது முதல் இலக்கம் பொறிப்பது வரை குயவருக்குப் பயிற்சியளிப்பதும், முதல் அச்சுப்பொறிக்குக் கடன் கொடுப்பதும் கூட்டுறவு ஸ்தாபனங்களால் ஆகக்கூடியவை. ஒவ்வொரு கிராமத்திலும் மளிகைக் கடையிலோ மாதர் சங்கத்திலோ மாற்றுப் பானைகள் நாலைந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். சிறு ஏற்பாடாகத் தோன்றினும் காம்போடியாவிற் கண்ட குறைக்கு நேரான மருந்து இதுவே.

கடைசியாக ஒன்று கூறி முடிப்போம். எத்தனை பானைகள் விநியோகிக்கப்பட்டன என்னும் கணக்கைக் கொண்டு இம்முயற்சியின் வெற்றியை அளத்தலாகாது. பானை வழங்கி மூன்றாண்டுகள் சென்றபின் அதே கிராமத்துக்குச் சென்று, வீட்டு மூலையில் உள்ள கலம் ஈரமாயிருக்கின்றதா, பானை உடைந்த வீட்டார் மாற்றுப் பானையை எங்கே வாங்கினார்கள், அதை விற்றவர் இன்னும் அத்தொழிலிலே ஜீவிக்கின்றாரா என்று விசாரித்தறிய வேண்டும். இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின், அக்கிராமத்துக் குழந்தைகளுக்குச் சுத்த ஜலம் கிடைத்துவிட்டதென்று துணிந்து கூறலாம்.